பேட்டரி புதுசு, ஆனாலும் செல்ஃப் இழுக்குது: பழைய வண்டி ஒயரிங் அனுபவங்கள்

திருவான்மியூர், மாருதி 800

பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரைப் பிரிச்சு கார்பன் பிரஷ்ஷும் மாத்தியாச்சு. அப்படியும் சாவியைத் திருப்பினா எஞ்சின் மெதுவா இழுத்து இழுத்துத்தான் சுத்துது, அதோட சோக் கேபிள் உறையிலிருந்து புகை. அந்த பிளாஸ்டிக் உருகுற வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கு.

எரிஞ்சது கேபிள், காரணம் எர்த். எஞ்சினுக்கு வர்ற எர்த் பட்டை (பேட்டரி நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்புற பாதை) உளுத்துப்போனா, செல்ஃப் இழுக்கிற அத்தனை கரண்டும் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாத்தான் திரும்பும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைங்க. கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துல (கிளாம்ப்புல வேண்டாம்), சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்துல. இன்னொருத்தர் செல்ஃப் போடட்டும். 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இதுல 1.9 காட்டுச்சு. ஜி.பி. ரோட்டில் புதுப் பட்டை வாங்கி, போல்ட் உட்கார்ற இடத்தை உப்புத்தாளால இரும்பு பளிச்சுனு தெரியுற வரை தேய்ச்சு, முடுக்கின பிறகு மேலே வேசலின். கடற்காத்து அடிக்கிற ஏரியாவுல வேசலினை விட்டுடாதீங்க.

அம்பத்தூர், எஸ்டீம்

எல்லாத்துக்கும் எர்த் காரணம் இல்ல சார். இந்த வண்டியில எர்த் சுத்தம், ஆனா ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி டவுன். நெகட்டிவ் ஒயரைக் கழட்டி, நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் கோர்த்துப் பார்த்தா 0.42 ஆம்பியர். ஸ்டீரியோ மெமரிக்கும் கடிகாரத்துக்கும் சேர்த்து 0.05 தாண்டக் கூடாது. ஒவ்வொரு ஃப்யூஸா பிடுங்கினதுல ரூம் லைட் ஃப்யூஸ்ல ரீடிங் விழுந்துச்சு. ஆனா ரூம் லைட் எரியல! டிக்கி லைட்டுக்கும் அதே ஃப்யூஸ்தான். மொபைல்ல வீடியோ ரெக்கார்டிங்கை ஓட விட்டு டிக்கிக்குள்ள வெச்சு மூடினா, உள்ளே பல்ப் ஜம்முனு எரியுது. ஸ்விட்ச் சிக்கியிருக்கு. 5 வாட் பல்ப்தான், ஆனா ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-ஹவர் போயிடும். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

மீட்டர் கோர்த்திருக்கும்போது செல்ஃப் போடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும்.

வேளச்சேரி, வெள்ளத்துல நின்ன சான்ட்ரோ

ஒயர் அறுந்திருக்கா இல்லையான்னு மீட்டர்ல இருக்கிற பஸ்ஸர் சத்தத்தை வெச்சுப் பார்க்கிறவங்களுக்காகச் சொல்றேன். ஃபியூயல் பம்ப் ஒயர்ல பஸ்ஸர் கணீர்னு அடிச்சுது, பம்ப் ஓடல. உறையைக் கீறினா உள்ளே செம்பு முழுக்கப் பச்சைப் பொடி, ஒரே ஒரு இழைதான் மிச்சம். பஸ்ஸர் அடிக்க அந்த ஒரு இழை போதும், பம்ப்புக்குப் பத்தாது. லோடு ஓடும்போது வோல்ட் பாருங்க, பஸ்ஸரை நம்பாதீங்க.

பெரம்பூர், பத்மினி

யாரும் கேட்கல, ஆனாலும் ஹெட்லைட் பத்திச் சொல்லியே ஆகணும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9, பல்ப் பின்னில் 11.1. மீதி வோல்ட்டை டேஷ்போர்டு ஸ்விட்ச்சும் பழைய மெல்லிய ஒயரும் சூடாக்கித் தின்னுடுது. வோல்ட் பத்துல ஒரு பங்கு குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போயிடும். அதுக்காக 100 வாட் பல்ப் மாட்டுறவங்க ஸ்விட்ச்சை எரிச்சுக்கிறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

ஹை, லோ ரெண்டுக்கும் தனித்தனி ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) போடுங்க. ரிலே பின்கள்ல நம்பர் இருக்கும்: 30-க்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் ஃப்யூஸ். 87 பல்ப்புக்கு, 86-க்கு பழைய ஹெட்லைட் ஒயர், 85 எர்த். சில வண்டிகள்ல ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும், ஒயரை வெட்டறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துக்கோங்க. ரெண்டு 55 வாட் பல்ப்புக்கு 9 ஆம்பியர் சொச்சம்தான், ரிலே அசால்ட்டா தாங்கும்.

திருவான்மியூர், மாருதி 800

பெரம்பூர் சார், பல்ப் எர்த்தையும் புதுசா இழுங்க. ரிலே போட்டும் மங்கலா எரியுற வண்டிகள்ல அந்தக் கறுப்பு ஒயர்தான் பழசாவே இருக்கும்.