பென்சீன் வளையத்தின் மெட்டா இணைப்பு ஏன் குறைவாகக் கடத்துகிறது?

கேள்வி:
கரிம மூலக்கூறு ஒன்றை இரு தங்க முனைகளுக்கிடையே பிணைத்து அளக்கும்போது, நடுவிலுள்ள பென்சீன் வளையம் பாரா நிலைகளில் (எதிரெதிர் மூலைகளில்) இணைந்திருந்தால், மெட்டா நிலைகளில் (நடுவே ஒரு மூலை விட்ட இரு மூலைகளில்) இணைந்திருப்பதைவிடக் கடத்துதிறன் பத்து மடங்கோ அதற்கு மேலோ கூடுவதாகப் படித்தேன். ஆனால், வளையத்தின் ஆறு பிணைப்புகளையும் சமமான ஆறு மின்தடைகளாகக் கொண்டால் பாராவுக்கு 1.5 அலகும் மெட்டாவுக்கு 1.33 அலகும் வருகின்றன. அப்படியானால் மெட்டாதானே சற்று நன்றாகக் கடத்த வேண்டும்?

பதில் 1:
கணக்கு சரியே, ஆனால் அது இங்கே பொருந்தாது. இவ்வளவு சிறிய மூலக்கூறில் எலக்ட்ரான் மோதி மோதி நகர்வதில்லை, அலையாக ஊடுருவுகிறது. வளையத்தின் இரு பக்கங்களிலும் செல்லும் அலைகள் வெளியேறும் இடத்தில் கூடுகின்றன. ஃபெர்மி ஆற்றலுக்கு (உலோக முனைகளில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல்மட்ட ஆற்றலுக்கு) அருகே, வளையம் முழுவதும் பரவியிருக்கும் பை எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ நான்கு பிணைப்புகளின் நீளம். பாராவில் இரு வழிகளிலும் மூன்று மூன்று பிணைப்புகள் இருப்பதால் அலைகள் ஒத்த கட்டத்தில் சேர்ந்து வலுக்கின்றன. மெட்டாவில் ஒரு வழியில் 2, மறுவழியில் 4. வேறுபாடு சரியாக அரை அலைநீளம் என்பதால் அவை ஒன்றையொன்று அழிக்கின்றன. ஆர்த்தோவில் (அடுத்தடுத்த மூலைகளில்) 1, 5 என்று வருவதால் வேறுபாடு முழு அலைநீளமாகி, இந்த அழிவு நேர்வதில்லை. இது எளிமையாக்கிய விளக்கம்தான்; ஆனாலும் ஆர்பிட்டால்களை (எலக்ட்ரான் பரவியிருக்கும் வெளிகளை) வைத்து முறையாகக் கணக்கிட்டாலும் இதே முடிவு கிடைக்கிறது. அணுக்களை நேராக இணைக்கும் சிக்மா பிணைப்புகள் வழியே சிறிது மின்னோட்டம் கசிவதால் மெட்டாவின் கடத்துதிறன் முற்றிலும் சுழியாவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பாரா இணைப்பிலேயே இரு வளையங்கள் அடுத்தடுத்து இணைந்து, ஒன்றுக்கொன்று திருகியிருந்தால் என்ன ஆகும்?

பதில் 2:
இரு வளையங்களின் பை ஆர்பிட்டால்கள் மேற்பொருந்துவது குறைவதால் கடத்துதிறனும் குறையும். திருகு கோணத்தின் கொசைன் மதிப்பின் இருமடிக்கு ஏற்ப அது மாறுவதை, இரு பென்சீன் வளையங்கள் இணைந்த பைஃபீனைல் மூலக்கூறுகளைக் கொண்டு லதா வெங்கடராமன் குழுவினர் 2006இல் காட்டினர். ஆகவே 60 பாகைத் திருகலில், தட்டையான நிலையின் கால் பங்கே எஞ்சும். ஒற்றைப் பிணைப்புகளாலேயே ஆன ஆல்கேன் கார்பன் சங்கிலியில் இத்தகைய பை பாதையே இல்லை. ஒரு மெத்திலீன் (CH₂) தொகுதி கூடும்போதெல்லாம் கடத்துதிறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடும்.

பதில் 3:
ஒப்பிடும்போது இருபுறமும் தங்கத்தைப் பற்றும் தொகுதி ஒன்றாகவே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தயோல் (–SH) தொகுதி தங்கத்துடன் பல வடிவங்களில் பிணைவதால் அளவீடுகள் பரந்து சிதறும். அமீன் (–NH₂) தொகுதியில் அந்தச் சிதறல் குறைவு என்பதால், திருகு கோணத்தின் விளைவைப் பிரித்தறிய அதுவே ஏற்றது என்பது என் கருத்து.