கன்று ஈனும் எருமைக்கு முன்மூன்று, பின்மூன்று வாரம்: என்ன சொல் போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கறவை எருமைக் கையேட்டின் மூன்றாம் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க வேண்டிய இரண்டு சொற்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

முதலாவது, 'நெகட்டிவ் எனர்ஜி பேலன்ஸ்' என்பதை அப்படியே பெயர்த்த 'எதிர்மறை ஆற்றல் சமநிலை'. எருமை வளர்க்கும் ஓர் அம்மாவிடம் நேற்று இதைப் படித்துக் காட்டினேன். "சமநிலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஈன்றதும் பால் மளமளவென்று ஏறுகிறது. தீனி எடுப்பது அந்த வேகத்தில் ஏறுவதில்லை. எருமைப் பாலில் கொழுப்பு பொதுவாக 6 முதல் 8 சதவீதம். அதனால் லிட்டருக்கு லிட்டர் பசுவைவிட அதிக ஆற்றல் மடி வழியே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பு படியும், கொழுப்பு கரைவதால் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறும், எருமை இன்னும் தீனியை ஒதுக்கும். இதில் சமநிலை எங்கே இருக்கிறது? செலவுக்கு வரவு போதாவிட்டால் நாம் பற்றாக்குறை என்கிறோம். 'ஆற்றல் பற்றாக்குறை' என்றே போடுகிறேன். கறவையின் பிற்பகுதியில் உடம்பு தேறி மிகையாகும்போது அட்டவணைக்கு என்ன செய்வது என்று நண்பர் கேட்டிருந்தார். தலைப்பை 'ஆற்றல் வரவு செலவு' என்று வைத்துக் கீழே மிகை, குறை என்று எழுதினால் போதும்.

பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. 'பால் காய்ச்சல்' என்று ஒரு சொல்லை முன்பே அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறோம். அது ரத்தத்தில் கால்சியம் இறங்குவதால் வருவது. தொட்டுப் பார்த்தால் காது சில்லென்று இருக்கும். பெயரை நம்பிக் காய்ச்சலைத் தேடுகிறவர் நேரத்தை இழக்கிறார்.

அடுத்தது 'ட்ரான்சிஷன் பீரியட்', அதாவது ஈனுவதற்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் சேர்ந்த காலம். 'நிலைமாறு காலம்' என்றால் எதன் நிலை என்று தெரியவில்லை. நம் குழுவில் ஐயா முன்வைத்த 'புனிற்றுக் காலம்' என்னை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. "புனிறு என் கிளவி ஈன்றணிமைப் பொருட்டே" என்று தொல்காப்பிய உரியியலே சொல்லிவிட்டது. இவ்வளவு பொருத்தமான பழஞ்சொல் கிடைப்பது அரிது. ஆனால் புனிறு ஈன்ற பிறகுதான் தொடங்குகிறது. நமக்கு வேண்டியது முன்னும் பின்னும் மும்மூன்று வாரம். தீனி குறைவதும் கொழுப்பு கரைவதும் ஈனுவதற்குச் சில நாள் முன்பே தொடங்கிவிடுகின்றன. கவனிப்பும் அப்போதே தொடங்க வேண்டும்.

அந்த நூற்பாவிலேயே விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. அணிமை என்றால் அருகு. அது இரண்டு பக்கமும் இருக்கலாம். ஆகவே 'ஈற்றணிமைக் காலம்'. இலக்கணத்தில் ஈற்றயலெழுத்து (சொல்லின் கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்து) படித்தவர்கள் இதை 'முடிவுக்கு அருகில்' என்று படிப்பார்கள் என்ற மறுப்பு இலக்கணப்படி நியாயமானதுதான். ஆனால் தொழுவத்தில் தலையீற்று, இரண்டாம் ஈற்று என்று அன்றாடம் பேசுகிறவருக்கு ஈற்று என்றால் கன்று போடுவது மட்டும்தான். கையேடு அவருக்கானது.

புனிற்றை விடவும் மனமில்லை. ஈன்ற பின் வரும் மூன்று வாரத்துக்கு மட்டும் 'புனிற்று நாள்கள்' என்று வைக்கலாமா? ஐயா இதற்கு ஒப்பமாட்டார் என்று தெரியும். முழுக் காலத்துக்கும் அதுவே வேண்டும் என்கிறார். நாளைக் காலை அந்த அம்மாவிடம் இரண்டு சொல்லையும் படித்துக் காட்டப் போகிறேன். வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள்.