சிலேத்தாரில் நடந்த பழைய ஆர்ஏஎஃப் விமான விபத்துகள்: ஆவணங்களை எங்கே, எப்படித் தேடுவது?

யீஷூன்_தேவா:
வணக்கம். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததிலிருந்து 1969-இல் சிங்கப்பூரின் சிலேத்தார் ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) தளம் மூடப்பட்டது வரை அங்கே நடந்த ராணுவ விமான விபத்துகளைத் தொகுத்து வருகிறேன். நியூஸ்பேப்பர்எஸ்ஜி-யில் (சிங்கப்பூரின் பழைய நாளிதழ்களின் இணையத் தொகுப்பு) கிடைத்த செய்திகள் கைவசம் உள்ளன. பலவற்றில் "ஆர்ஏஎஃப் விமானம் ஒன்று" என்பதற்கு மேல் விவரம் இல்லை. சீரியல் நம்பரும் (ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய தனி எண்) இல்லை, எந்த ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) என்பதும் இல்லை. இணையத்தில் உள்ள இரண்டு பட்டியல்கள் ஒரே விபத்துக்கு வேறு வேறு தேதி தருகின்றன. எதை நம்புவது? லண்டன் போகாமல் எவ்வளவு தூரம் முன்னேறலாம்?

பழைய_ஓடுபாதை:
தேவா, முதலில் சீரியலைப் பிடியுங்கள். அது கிடைத்துவிட்டால் மற்ற தாள்களெல்லாம் தானாகத் திறக்கும். பத்திரிகைப் படத்தில் விமானத்தின் உடலில் பெரிதாகத் தெரியும் எழுத்து பெரும்பாலும் ஸ்குவாட்ரன் கோட்தான். ஒரே எழுத்து பல விமானங்களுக்கு மாறி மாறிப் போகும். சீரியல் என்பது வால் பக்கம் சிறிதாக எழுதியிருக்கும் இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும். 81-ஆம் ஸ்குவாட்ரனின் ஆர்ஜி 314 மாதிரி. ஆர்ஏஎஃப்-இன் கடைசி மொஸ்கிட்டோ பணிப் பறப்பு 1955 டிசம்பர் 15-இல் சிலேத்தாரிலிருந்து இந்த விமானத்தில்தான் நடந்தது. சீரியலின் ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ வராது. அப்படித் தெரிந்தால் மங்கிய அச்சைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். மூன்று வரிசைகளையும் சேர்த்துப் பாருங்கள். 'ஏர் 27' ஸ்குவாட்ரன்களின் பணிப் பதிவேடு. 'ஏர் 28' தளத்தின் பதிவேடு. 'ஏர் 29' மற்ற பிரிவுகளுக்கானது. பலர் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். சிலேத்தாரில் 390-ஆம் பராமரிப்புப் பிரிவு இருந்தது. பழுது பார்த்து முடித்த விமானம் சோதனைப் பறப்பில் விழுந்தால் ஸ்குவாட்ரன் பதிவேட்டில் அது வராது, ஏனென்றால் அப்போது விமானம் ஸ்குவாட்ரன் கணக்கிலேயே இருக்காது.

ஸ்குவாட்ரன் பதிவேட்டில் இரண்டு படிவங்கள். 540 என்பது நாள்வாரிச் சுருக்கம். 541 ஒவ்வொரு பறப்புக்கும் சீரியல், பறந்தவர்கள் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் தரும். இறங்கிய நேரக் கட்டம் காலியாக இருக்கும் வரியைத் தேடுங்கள்.

விபத்தின் காரணம் வேண்டுமென்றால் படிவம் 1180, அதாவது விபத்து அட்டை. ஹெண்டன் ஆர்ஏஎஃப் அருங்காட்சியகத்தில் கேட்டு எழுதலாம். சீரியல், விமான வகை, தேதி மூன்றையும் ஒரே கடிதத்தில் கொடுங்கள். விசாரணைக் குழுவின் முழு அறிக்கைகள் பெரும்பாலும் காக்கப்படவில்லை. இந்த அட்டைச் சுருக்கம்தான் மிச்சம். 'ஏர் 81' விபத்துக் கோப்புகளைப் பற்றி யாராவது சொன்னால், அவை 1939–45 காலத்துக்கு மட்டும். உங்கள் காலத்துக்கு உதவாது.

படிவம் 78 நடமாட்ட அட்டையில் கவனம் தேவை. கடல் கடந்து போன விமானங்களுக்கு அதில் விவரம் மிகக் குறைவு. கணக்கிலிருந்து நீக்கிய தேதி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது எழுத்துவேலை முடிந்த நாள். விமானம் விழுந்தது சில வாரம் முன்பாகவும் இருக்கலாம். இணையப் பட்டியல்கள் முரண்படுவதற்கு இதுவே முதல் காரணம்.

நேரக்கணக்கு:
இரண்டாவது காரணம் நேர மண்டலம். 1945 செப்டம்பர் 12 முதல் 1981 கடைசி வரை சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால். இன்றைய எட்டு மணி கணக்கைப் போட்டால் அரை மணி பிசகும். பதிவேட்டில் நேரத்துக்குப் பின்னால் 'இசட்' இருந்தால் அது கிரீன்விச் நேரம். 14-ஆம் தேதி 22:15 இசட் என்றால் இங்கே 15-ஆம் தேதி காலை 5:45. விடியற்காலையில் கிளம்பிய பறப்புகள் எல்லாமே முந்தைய நாளில் போய் உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு நாளிதழில் "நேற்று" என்று வரும். இதழின் தேதியை அப்படியே எடுத்தவர்கள் அடுத்த நாளுக்குப் போய்விட்டார்கள். பட்டியலில் 'பதிவேட்டுத் தேதி', 'உள்ளூர்த் தேதி', 'செய்தி வந்த தேதி' என்று மூன்று பத்தி வையுங்கள். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதாதீர்கள்.

தமிழ் முரசையும் தேதிவாரியாகப் புரட்டுங்கள். தளத்தில் வேலை செய்த உள்ளூர்த் தொழிலாளர் யாராவது காயப்பட்டிருந்தால் ஆங்கில இதழ் ஒரு வரியில் முடித்துவிடக்கூடும். அவர்கள் பெயர் பட்டியலில் விடுபடக்கூடாது.

செம்பவாங்_காரன்:
ஒரு எச்சரிக்கை. செம்பவாங் அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளம்; அதன் பெயர் எச்எம்எஸ் சிம்பாங். கடற்படை விமானம் சிலேத்தாரில் விழுந்திருந்தாலும் அதன் தாள் ஆர்ஏஎஃப் வரிசையில் இருக்காது. கியூவில் 'ஏடிஎம்' (ADM, கடற்படை ஆவணங்கள்) வரிசையும் யோவில்டன் கடற்படை விமான அருங்காட்சியகமும்தான் வழி. சிங்கப்பூரின் இன்னொரு விமானத் தளமான தெங்காவில் இருந்த ஆஸ்திரேலிய 1-ஆம் ஸ்குவாட்ரனின் லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் பற்றி ஆஸ்திரேலியத் தேசியக் காப்பகத்தில் 'ஏ9186' வரிசையைப் பாருங்கள். தெங்காவின் 14-ஆம் ஸ்குவாட்ரன் வெனம் போர் விமானங்கள் நியூசிலாந்துடையவை. அதற்கு நியூசிலாந்தின் விக்ரமில் (Wigram) உள்ள விமானப்படை அருங்காட்சியகம்.

காரணப் பத்தியில் "இன்ஜின் கோளாறு" என்று பத்திரிகை எழுதியதை அப்படியே ஏற்ற வேண்டாம். பிரிகண்ட் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏர்பிரேக்கை (வேகம் குறைக்கும் தகடுகளை) இயக்கிய தோல் துருத்திகள் இந்த ஊர்ப் புழுக்கத்தில் மக்கிப்போயின. டைவில் (கீழ்நோக்கிப் பாயும்போது) ஒரு பக்க பிரேக் மட்டும் திறந்தால் இறக்கையே முறியும். தரையில் நின்று பார்த்தவருக்கு இறக்கை முறிந்தது மட்டுமே தெரியும்; துருத்தி விஷயம் தொழில்நுட்ப விசாரணையில்தான் வெளிவரும்.

யீஷூன்_தேவா:
மிக்க நன்றி. 390-ஆம் பிரிவு பற்றி இதுவரை யோசிக்கவே இல்லை. விழுந்த இடத்தை எப்படிக் குறிப்பது? ஜொகூர் நீரிணையில் விழுந்த சண்டர்லேண்ட் கடல்விமானங்களும் உண்டே.

பழைய_ஓடுபாதை:
பதிவேட்டில் உள்ள வரைபடக் கட்ட எண்ணை இன்றைய ஜிபிஎஸ்-ஸில் நேரடியாகப் போடாதீர்கள். அன்றைய வரைபடக் கட்டம் வேறு. அதே காலத்து வரைபடத்தில் புள்ளி வைத்து, பிறகு சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஆர்ஏஎஃப் வான்வழிப் படங்களோடு ஒப்பிடுங்கள். கரையும் ஓடுபாதையும் மாறிவிட்டதால் இரண்டு சாலைச் சந்திப்புகளையாவது பொருத்திப் பார்த்த பின்பே இடத்தை எழுதுங்கள். சண்டர்லேண்டுகளுக்கு, நீரில் இறங்கும்போதா, மிதவையில் கட்டியிருந்தபோதா, கரையில் இழுத்து வைத்திருந்தபோதா என்று பிரியுங்கள். செய்தியில் மூன்றும் "சிலேத்தாரில் மூழ்கியது" என்றே வரலாம். 1959 மே 15-க்குப் பின் அவற்றின் பணிப் பறப்பு இங்கே இல்லை. அதற்குப் பிறகான தேதியோடு சண்டர்லேண்ட் என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

நேரக்கணக்கு:
இறந்தவர் பெயர்களைக் கல்லறையோடு சரிபாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் போர்க்காலக் கணக்கு 1947 டிசம்பர் 31-உடன் முடிகிறது. அதற்குப் பிறகு இங்கே புதைக்கப்பட்டவர்களைக் கிராஞ்சி ராணுவக் கல்லறையில் தேடுங்கள். பக்கத்திலுள்ள போர்க் கல்லறை வேறு, இது வேறு. பாசிர் பாஞ்சாங், உலு பாண்டான் கல்லறைகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்காக 1975-இல் உருவானது. ஆகவே பழைய செய்தியில் "உலு பாண்டானில் அடக்கம்" என்று இருந்தால் இன்றைய இடம் கிராஞ்சி. கல்லில் உள்ள எழுத்துக்கூட்டலையும் பதவியையும் படமெடுத்து, 541-இல் உள்ளதற்குப் பக்கத்தில் தனிப் பத்தியாக வையுங்கள்.