ஆயிரம் பேரைக் கேட்டுக் குமரி மாவட்டத்தின் மனசைச் சொல்லிவிட முடியுமா?

வடசேரிக்காரன்:
வடசேரி பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பிள்ளைகள் டேப்லெட்டோடு நின்று யாருக்கு ஓட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு ஓடுகிறவர்கள் யாரும் நிற்கவில்லை, பஸ் வராமல் காத்துக் கிடந்தவர்கள்தான் பதில் சொன்னார்கள். இதுதான் குமரி மக்கள் தீர்ப்பு என்று நாளைக்கு டிவியில் வரும். 2024-ல் பெரும்பாலான எக்ஸிட் போல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தது, எண்ணிப் பார்த்தால் 293. 18 லட்சம் பேருக்கு மேல் உள்ள மாவட்டத்துக்கு ஆயிரம் பேர் எப்படிப் போதும்? நான் இனி எதையும் நம்பமாட்டேன்.

மார்த்தாண்டம் தம்பி:
அண்ணாச்சி, கோபம் நியாயம்தான், ஆனால் ஆள் எண்ணிக்கை மேல் பழி போடாதீர்கள். நான் சர்வே ஃபீல்டு வேலை பார்த்தவன். குலுக்கல் முறையில் ஒழுங்காக எடுத்தால் ஆயிரம் பேரில் பிழை கூடக்குறைய 3 சதவீதம்தான், மாவட்டமானாலும் நாடானாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. 1936-ல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலத்தில் 46-ஐ ஜெயித்தார். கார், டெலிபோன் வைத்திருந்தவர்கள் பட்டியலைப் பிடித்துக் கேட்டது அங்கே நடந்த ஒரு முக்கியமான கோளாறு. பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்பதும் அதே கோளாறுதான். வாக்காளர் பட்டியலில் பெயர் எடுத்து வீட்டுக்குப் போக வேண்டும்.

தூத்தூர் கரை:
வீட்டுக்கு வந்தால் எங்க ஊரில் யார் இருப்பார்கள் மக்கா? ஆழ்கடலுக்குப் போனவன் வாரக்கணக்கில் திரும்பமாட்டான், அவனுக்குப் பதில் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அப்புறம் கேள்வி. நம்ம கடற்கரையில் இனயத்தில் துறைமுகம் கட்டப்போவதாகப் பேச்சு ஓடின காலத்தை நினைத்துப் பாருங்கள். வேலை கிடைக்கும், துறைமுகம் வேண்டுமா என்று கேட்டால் ஒரு பதில், கடல் வீட்டுக்குள் ஏறினாலும் பரவாயில்லையா என்று கேட்டால் அதே ஆளிடம் வேறு பதில்.

குலசேகரம் அக்கா:
எங்க வீட்டுக்கு வந்த பையன் என்னைத்தான் கேட்டான். திண்ணையில் இருந்து மாமனார் பதில் சொன்னார், அவன் அதையே என் பெயரில் தட்டிவிட்டுப் போனான். அதோடு நம்ம ஊரில் கேட்கிறவன் கழுத்தில் சிலுவை கிடக்கிறதா, நெற்றியில் சந்தனம் இருக்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! வாய் திறந்து கட்சி பேரைச் சொல்ல பயப்படுகிறார்கள்.

மார்த்தாண்டம் தம்பி:
அக்கா சொல்வது உண்மை. அதற்குத்தான் சின்னம் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, அவர்களையே குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிற முறை இருக்கிறது.

வடசேரிக்காரன்:
சரி தம்பி, மாநில சர்வேக்கு என்ன சொல்கிறாய்? தமிழகம் முழுக்க 2,000 பேரைக் கேட்டால், மக்கள்தொகைப்படி குமரிக்கு ஐம்பது பேர்தான் வருவார்கள். 2014 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தில் 39 தொகுதிக்கு 37 அதிமுக, நாம் பாஜகவுக்குப் போட்டோம். ஐம்பது பேரை வைத்து இதை யார் பிடிப்பது?

மார்த்தாண்டம் தம்பி:
பிடிக்க முடியாது. ஐம்பது பேர் என்றால் பிழை 14 சதவீதம் வரைக்கும் போகும். அதை வைத்துத் தொகுதி கணிப்பு போடுகிற சேனலை நானும் எதிர்க்கிறேன்.

தூத்தூர் கரை:
அப்போ படகு கரை சேருகிற நாள் பார்த்து வருவீர்களா?

மார்த்தாண்டம் தம்பி:
வரத்தான் வேண்டும் அண்ணே, ஒரே வீட்டுக்கு ரெண்டு மூணு தடவைகூட. ஆனால் சர்வேக்குக் காசு கொடுக்கிறவர்கள் பல நேரம் ஒரு தடவைக்குத்தான் கொடுக்கிறார்கள்.