புகைச்சாறு “5 சதவீதம்” என்றால் எவ்வளவு? தோல் செல் ஆய்வு செய்கிறவர்களின் பகிர்வு

சிகரெட் புகை தோலை எப்படி முதுமையாக்குகிறது என்று ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் (தோலில் கொலாஜனை உண்டாக்கும் செல்கள்) பார்க்கிறவர்கள் பெரும்பாலும் புகையைத் திரவத்தில் கரைத்த புகைச்சாற்றில்தான் தொடங்குகிறோம். அதே “5 சதவீதம்” ஓரிடத்தில் செல்லைக் கொன்றுவிடுகிறது, இன்னோரிடத்தில் ஒன்றுமே செய்வதில்லை. அந்தச் சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் எண்களை எழுதி வைக்காததுதான் காரணம்.

ஒரு சிகரெட்டின் புகையை 10 மி.லி. சீரம் (இரத்தத்தின் புரதத் திரவம்) இல்லாத மீடியத்தில், அதாவது செல் வளர்க்கும் திரவத்தில், குமிழியாக விட்டு, அதை 100 சதவீதம் என்று கொண்டு, வேண்டிய சதவீதத்துக்கு நீர்ப்பது பரவலான வழக்கம். ஆனால் எப்படி இழுத்தீர்கள்? ஐஎஸ்ஓ முறையில் ஒரு இழுப்புக்கு 35 மி.லி., 2 விநாடி, நிமிடத்துக்கு ஒரு தடவை. கனடாவின் தீவிர முறையில் 55 மி.லி., 30 விநாடிக்கு ஒரு தடவை, ஃபில்டரின் காற்றுத் துளைகளையும் அடைத்துவிட வேண்டும். வேக்யூம் பம்பை நிறுத்தாமல் ஓட விட்டால் சிகரெட் சில நிமிடங்களில் எரிந்து தீரும். அந்தப் புகையின் சேர்மானமே வேறு. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் 1ஆர்6எஃப் போன்ற ஒப்பீட்டுச் சிகரெட்டை 22 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வைத்துவிட்டுப் பற்ற வையுங்கள். காய்ந்த சிகரெட் சீக்கிரம் எரியும், இழுப்பு எண்ணிக்கை குறையும்.

குழாய் நீளத்தையும் குறித்து வையுங்கள். சிலிக்கான் குழாயின் உட்சுவரில் பழுப்பு வளையம் படிகிறதே, அது மீடியத்துக்கு வந்திருக்க வேண்டிய தார். குழாய் குட்டையாக இருக்கட்டும், ஒவ்வொரு தயாரிப்புக்கும் புதிதாக இருக்கட்டும். மீடியம் இளஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குச் சாய்ந்திருக்கும், பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, புகை படாத அதே மீடியத்தை பிளாங்காக (ஒப்பீட்டுப் பூஜ்யமாக) வைத்து 320 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் அந்த எண் ஒரே அளவாக இருக்கும்படி சமன்செய்த பிறகே நீர்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் செல்லுக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் அக்ரோலின் போன்ற ஆல்டிஹைடுகள் மீடியத்திலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்துகொண்டே இருக்கும். சீரத்தைத் தவிர்ப்பதும் இதனால்தான்: அதிலுள்ள அல்புமின் புரதம் அவற்றைப் பிடித்துவிடும்.

பதில் 1

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 96 வெல் (குழி) கொண்ட பிளேட்டில் 10 சதவீதச் சாறு போட்ட வரிசைக்குப் பக்கத்தில் கன்ட்ரோல் (சாறு போடாத ஒப்பீட்டுச் செல்கள்) வைக்கவே கூடாது. ஆவியாகும் பொருள்கள் மூடிக்குக் கீழே பக்கத்து வெல்லுக்குப் பரவி, எதுவுமே போடாத செல்லும் வாடிப்போகும். கன்ட்ரோலுக்குத் தனி பிளேட்டே வைத்துவிடுங்கள்.

பதில் 2

2 சதவீதத்தில் எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயச் சோதனை) மதிப்பு, கன்ட்ரோலை 100 என்று கொண்டால், 115 வருகிறது. செல் பெருகிவிட்டது என்று எழுதலாமா?

பதில் 3

வேண்டாம். புகைச்சாற்றிலுள்ள ஒடுக்கும் பொருள்கள், செல்லே இல்லாத வெல்லிலும் எம்டிடியை ஊதாவாக்கும். செல் இல்லாமல் சாறும் எம்டிடியும் மட்டும் போட்ட மூன்று வெல்களைக் கூடவே வையுங்கள். எம்டிடிக்கு முன் பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) இரண்டு தடவை கழுவுங்கள். அதன் பிறகும் 100-ஐத் தாண்டினால் உட்கரு எண்ணிக்கை எடுத்துப் பாருங்கள். செல் எண்ணிக்கை கூடாமல் மைட்டோகாண்ட்ரியாவின் வேகம் மட்டும் கூடியிருக்கலாம்.

பதில் 4

தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் பக்கம் வருகிறேன், குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். புகைப்பவர்களின் தோலில், கொலாஜனை வெட்டும் நொதியான எம்எம்பி-1-இன் எம்ஆர்என்ஏ (அதை உண்டாக்கும் மரபுச் செய்தி) கூடியிருப்பதும், அந்த நொதியைத் தடுக்கும் டிம்ப்-1 அப்படியே இருப்பதும் 2001-இல் லான்செட்டில் வெளிவந்தது. அதைக் காட்டுவதற்காக ஜெலட்டின் சைமோகிராஃபி (நொதி ஜெல்லிலுள்ள புரதத்தைத் தின்ற இடம் தெளிவாகத் தெரியும் சோதனை) ஓட்டி, தெளிந்த பட்டையைப் பார்த்து “எம்எம்பி-1 கூடியது” என்று எழுதிவிடுகிறார்கள். ஜெலட்டினில் பளிச்சென்று தெரிவது 72 கிலோடால்டனில் எம்எம்பி-2, 92-இல் எம்எம்பி-9. எம்எம்பி-1-க்கு எலிசாவோ (எதிர்ப்பொருளால் புரதத்தை அளக்கும் சோதனை) கேசின் ஜெல்லோ வேண்டும். எலிசா எண்ணை டிஎன்ஏ அளவால் வகுங்கள், இல்லையென்றால் செல் இறந்த கணக்கும் அதற்குள் கலந்துவிடும்.

புதுக் கொலாஜன் உற்பத்தியை அளக்க அஸ்கார்பிக் அமிலம் தேவை. அது இல்லாமல் புரோலின் ஹைட்ராக்சிலேற்றம் சரியாக நடக்காது. அதே அஸ்கார்பிக் அமிலம் புகையின் ஆக்சிஜனேற்றிகளையும் அணைத்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு “புகை கொலாஜனைப் பாதிக்கவில்லை” என்று முடிவுக்கு வருவது பெரிய பிழை. 24 மணி நேரம் புகைச்சாறு, பிறகு கழுவல், பிறகு புது மீடியத்தில் அஸ்கார்பேட்-2-பாஸ்பேட். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் 37 டிகிரியில் சீக்கிரம் சிதைந்துவிடும், பாஸ்பேட் வடிவம் நிற்கும்.

பதில் 5

முதுமையைப் பார்க்க, முதிர்ந்த செல்லை நீலமாக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயம் போடுகிறவர்களுக்கு: பிஎச் 6.0 துல்லியமாக இருக்க வேண்டும். சாயக் கரைசலோடு பிளேட்டை கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்தால் பிஎச் இறங்கி, இளம் செல்லும் நீலமாகிவிடும். வெறும் 37 டிகிரி அடுப்பு போதும். ஓரத்தைப் பாராஃபிலிமால் சுற்றிவிடுங்கள், காய்ந்தால் ஊசி ஊசியாகப் படிகம் விழும். தளம் முழுக்க நிரம்பிய செல்களிலும் பொய் நீலம் வரும், அதனால் 60, 70 சதவீதம் நிரம்பியபோதே சாயம் போடுங்கள். கன்ட்ரோலும் அதே பாசேஜ் எண்ணில் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றிய தடவைகள்) இருக்கட்டும்.