கலைச்சொல் வேண்டும்: தலையிடாமையா, கைவிடலா?

கோ.:
குழுவினருக்கு வணக்கம். பன்னாட்டு உறவுகள் பாடநூலில், ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் இனப்படுகொலை பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்கிறது ஐ.நா. சாசனத்தின் 2(7)ஆம் பிரிவு. அதைத் ‘தலையிடாமை’ என்று எழுதிவிட்டேன். அடுத்த பக்கத்தில், 1994இல் அங்கே சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது உலகம் வேடிக்கை பார்த்தது வருகிறது. அதற்கும் ‘தலையிடாமை’தானா? முன்னது கொள்கை, பின்னது குற்றம். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடுவார்கள்.

இரா.:
ஐயா, ‘தலையீடு’ என்பதே நம் காதுக்கு வேண்டாத வேலையாகத்தான் ஒலிக்கிறது. ‘இடையீடு’ என்று மாற்றுங்கள். இடை, இடைப்படு, இடைமகன் என்று பெரிய சொற்குடும்பம் அது. ஒன்றும் செய்யாததற்கு ‘வாளாவிருத்தல்’ என்ற நல்ல தமிழ் இருக்கவே இருக்கிறது.

செ.:
இடைமகன் என்றால் இடையர் ஐயா, இங்கே எதற்கு? ‘இடையீடு’க்குத் தடை என்றும் பொருள் உண்டு. ‘வாளா’வை என் வகுப்பில் வாளோடு சேர்த்துப் படிப்பார்கள். வெட்டுக்கத்தியால் இத்தனை பேரைக் கொன்ற வரலாற்றில் அது வேண்டாம். ‘சும்மா இருத்தல்’ என்றே எழுதலாமே? எல்லாருக்கும் புரியும்.

இரா.:
‘சும்மா இரு’ முருகன் அருணகிரிநாதருக்குத் தந்த உபதேசம். சைவத்தில் அது பெருநிலை. அதை ஐ.நா. பாதுகாப்பு அவைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குறள் 466ஐப் பாருங்கள்: “செய்தக்க செய்யாமை யானுங் கெடும்.” ‘செய்யாமை’ என்றே வைக்கலாம்.

ம.:
எல்லாரும் அங்கே எதுவுமே செய்யப்படவில்லை என்பது போலப் பேசுகிறீர்கள். ஆயுதப் பதுக்கலைச் சோதனையிடப் போவதாக ருவாண்டாவில் இருந்த ஐ.நா. படைத் தளபதி டலேர் ஜனவரி 11 அன்றே நியூயார்க்குக்குத் தந்தி அடித்தார். வேண்டாம், ருவாண்டா அதிபரிடம் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியில் சுமார் 2,000 பேர் ஐ.நா. படையின் பெல்ஜிய வீரர்களை நம்பித் தங்கியிருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று, மறித்துக் கெஞ்சியவர்களை விலக்கிவிட்டு வண்டிகள் கிளம்பின. அவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை 912ஆம் தீர்மானத்தில், சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 ஆகக் குறைத்தது. கூடிப் பேசி, கை தூக்கி எடுத்த முடிவு அது. அதை எப்படிச் ‘செய்யாமை’ என்பது? ‘கைவிடல்’ என்று எழுதுங்கள்.

செ.:
அக்கா, பெல்ஜியத்துக்கு அது பொருந்தும். அமெரிக்காவுக்கு அங்கே படையே இல்லையே? சோமாலியாவின் மொகதிசுவில் 1993 அக்டோபரில் 18 வீரர்களை இழந்தபின் அவர்கள் ஆப்பிரிக்காவில் இறங்க விரும்பவில்லை. ‘இனப்படுகொலை’ என்று சொன்னால் 1948 இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் கடமை வந்துவிடும் என்று அமெரிக்க அரசின் பேச்சாளர்கள் ‘இனப்படுகொலைச் செயல்கள்’ என்றே சொல்லிவந்தார்கள். எத்தனை செயல் சேர்ந்தால் இனப்படுகொலை ஆகும் என்று ஒரு செய்தியாளர் ஜூனில் கேட்டார். பதில் இல்லை. உடன்படிக்கை கேட்பது தடுக்கும் கடமையை. போஸ்னியா தொடுத்த இனப்படுகொலை வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 2007இல், தடுக்கத் தன்னால் இயன்றதைச் செய்யாததற்காகச் செர்பியாவைப் பொறுப்பாக்கியது. ஆகவே ‘தடுக்கத் தவறல்’.

கோ.:
நல்லது. கொள்கைக்குத் ‘தலையிடாமை’, மற்றதற்குத் ‘தடுக்கத் தவறல்’. தனிமடலிலும் பலர் இதையே சொன்னார்கள். பள்ளிப் பத்தியில் மட்டும் ‘கைவிடல்’. இத்துடன் அனுப்பிவிடவா?

இரா.:
சரி. ‘தவறல்’ நல்ல தமிழ்தான்.

ம.:
எனக்கு ஒப்புதல் இல்லை. முயன்றும் முடியாமல் போனதைத்தான் தவறியது என்போம். மே 17 அன்று பாதுகாப்பு அவையில் 5,500 பேரை அனுப்பத் தீர்மானித்தார்கள். ஆளும் வண்டியும் தர நாடுகள் முன்வரவில்லை. கொலைகள் ஜூலையில் ஓய்ந்ததும் கிளர்ச்சிப் படை நாட்டைப் பிடித்ததால்தான். பின்னிணைப்பில் ‘கைவிடல்’ மாற்றுச் சொல்லாகவாவது இருக்கட்டும். காரணத்தை இரண்டு வரியில் நானே எழுதி இன்று இரவுக்குள் அனுப்புகிறேன்.