பழைய பொருளை வைத்துக் குடும்பக் கதை எழுதியவர்கள் இருக்கிறீர்களா?

தாத்தாவின் கைக்கடிகாரத்தை வைத்து ஒரு கதை எழுத ரொம்ப நாளாக ஆசை. முதலில் எழுதியதெல்லாம் வீட்டில் எல்லோரும் சொல்வதுதான்: தாத்தா நேரம் தவறாதவர், கடிகாரத்தை யாரையும் தொட விடமாட்டார், அவர் போனதும் அது பெட்டிக்குள் போய்விட்டது. படித்தால் இரங்கல் குறிப்பு மாதிரி இருந்தது.

அப்புறம் பேனாவை வைத்துவிட்டுக் கடிகாரத்தையே உட்கார்ந்து பார்த்தேன். தோல் பட்டையில் இரண்டு துளைகள் மட்டும் நன்றாக விரிந்திருந்தன. ஒன்று நடுவில். இன்னொன்று கடைசித் துளையையும் தாண்டி, ஆணியால் குத்தியது போல ஓரமெல்லாம் பிசிறு. தாத்தா கை அவ்வளவு ஒல்லி இல்லை. பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து காட்டியபோது உள்பக்கம் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள். முன்பெல்லாம் பழுது பார்த்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் இப்படிக் கீறி வைப்பதுண்டு. கடைசியாக இருந்த தேதி தாத்தா இறந்து நான்கு வருடம் கழித்து.

பாட்டிதான் கட்டியிருக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். “அம்மாவா? அவங்களுக்கு மணி பார்க்கவே தெரியாதே” என்றார்.

மணி பார்க்கத் தெரியாதவர் தினமும் எதற்குச் சாவி கொடுத்தார்? இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்தக் கதையைத்தான். தாத்தா அதில் இரண்டு பத்திகூட வருவதில்லை.

—

கடிகாரம் பற்றி எழுதியவருக்கு: எனக்கு அம்மாவின் தையல் மெஷின். சிங்கர் மெஷினில் அடித்திருக்கும் வரிசை எண்ணை வைத்து அது எந்த ஆண்டு தயாரானது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். நானும் பார்த்தேன். கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உதவியது, உள்ளே மாட்டியபடியே இருந்த பாபின். அதில் பாதி தீர்ந்த ஊதா நூல். எங்கள் வீட்டில் யாரும் ஊதா உடுத்தியதாக ஞாபகமே இல்லை. பழைய போட்டோக்களில் தேடலாம் என்றால் எல்லாம் கறுப்பு வெள்ளை! சரி, அந்தத் துணி யாருக்கு என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதினேன்.

—

நானே முடிவு செய்துகொண்டேன் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பிரச்சினை வந்தது. பெரியப்பாவின் கடிதக் கட்டை வைத்து எழுதினேன். எழுத்தெல்லாம் பழுப்பு நிறம். பழுப்பு மையில் எழுதுகிற ரசனைக்காரர் என்று ஒரு பக்கம் வர்ணித்தாயிற்று. பழைய இரும்பு மை கறுப்பாக இருந்து காலப்போக்கில் பழுப்பாக மாறுமாம், பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்துவது சுலபம். ஆனால் அவருக்கு ஒரு காதல் இருந்ததாக நான் சேர்த்ததைப் படித்துவிட்டு அத்தை ஒரு மாதம் பேசவில்லை. இப்போது உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரிந்த ஆளைப் பற்றி எழுதினால், ஊகம் வரும் இடத்தில் “இருந்திருக்கலாம்” என்று கதைக்குள்ளேயே சொல்லிவிடுகிறேன். நடை கொஞ்சம் தளரத்தான் செய்கிறது, பரவாயில்லை.

கடிகாரக்காரரே, உங்கள் அப்பா அந்தக் கதையைப் படித்தாரா?